தட்டின் பிறப்பும் இசைத்தவரின் வாழ்வும்: ப்ளூ நோட் முதலச்சுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்



யாரை நினைவில் வைத்துக்கொள்கிறோம், எதைக் கொண்டு வைத்துக்கொள்கிறோம், அந்த நினைவு யாருடைய சொத்தாக இருக்கிறது? நினைவுச் சொற்பொழிவு ஒன்றில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இன்று இவற்றை ஒரு பொருளை வைத்துக் கேட்க விரும்புகிறேன். அந்தப் பொருள் அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் அச்சான ஒரு வினைல் இசைத்தட்டு. அதில் வாசித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்கள். வெளிவந்தபோது ஐந்து டாலருக்குள் விற்ற அந்தத் தட்டின் முதலச்சுப் பிரதிக்கு இன்று பல ஆயிரம் டாலர் கொடுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். இந்த விலை எப்படி உருவானது, இதற்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதுதான் இந்த உரை.

ஜாஸ் இசைத்தட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் உருவான இயக்கம் தன்னைத் தலித் பேந்தர்ஸ் என்று அழைத்துக்கொண்டது. கறுப்பின மக்களின் அரசியலையும் இலக்கியத்தையும் நாம் அப்போதிருந்தே படித்து வருகிறோம். அவர்களுடைய கலை எப்படிப் பண்டமானது என்ற வரலாற்றை அந்த அளவுக்குப் படித்ததில்லை.

அரக்கிலிருந்து வினைலுக்கு

வினைலுக்கு முன்பு இசைத்தட்டுகள் அரக்கால் ஆனவை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் கனமான கறுப்புத் தட்டுகளில் கல்மாவையும் கரியையும் இறுக்கிப் பிடித்திருந்தது அரக்குதான். உலகச் சந்தைக்குப் போன அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. சோட்டா நாக்பூர் காடுகளில் பலாச மரத்திலும் குசும மரத்திலும் இலந்தையிலும் அரக்குப் பூச்சி விட்ட பிசினைச் சுரண்டி எடுத்தவர்கள் ஆதிவாசிகள். அது வியாபாரிகள் கைமாறிக் கல்கத்தா துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. நியூயார்க்கில் ஒரு கறுப்பினக் கலைஞர் பியானோ வாசித்த ஓசை, ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசிப் பெண் சுரண்டிய அரக்கில் பதிந்திருக்கலாம். இருவரும் ஒருவரையொருவர் அறிய வழியே இல்லை.

இரண்டாம் உலகப் போர் இந்த வழியை அடைத்தது. 1942இல் அமெரிக்க அரசு, இசைத்தட்டுக்கு அரக்கைப் பயன்படுத்துவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. மாற்றுப் பொருளாக வினைல் முன்னுக்கு வந்தது. 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீள்தட்டை அறிமுகப்படுத்தியது. ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் என்றிருந்தது இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. ஜாஸ் கலைஞர் தன் கற்பனையை நீளமாக விரித்து வாசிக்க அப்போதுதான் தட்டில் இடம் கிடைத்தது.

ப்ளூ நோட் நிறுவனம் இந்த மாற்றத்தின் இரண்டு பக்கங்களிலும் இருந்தது. பெர்லினில் பிறந்த யூதரான ஆல்ஃபிரட் லயன் 1939 ஜனவரியில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்ற இரண்டு கறுப்பினப் பியானோ கலைஞர்களைப் பதிவு செய்து அந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு நாஜிகளிடமிருந்து தப்பி வந்த அவருடைய நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் சேர்ந்துகொண்டார். இருவரும் அகதிகள். பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத கலைஞர்களை அவர்கள் பதிவு செய்தார்கள். ஒத்திகைக்கும் கூலி கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் சிறு கம்பெனிகளில் அது அரிது. தெலோனியஸ் மங்கின் தட்டுகள் விற்காதபோதும் 1947 முதல் 1952 வரை அவரை விடாமல் பதிவு செய்தார்கள். ஆகவே இங்கே நான் வில்லன்களைத் தேடவில்லை. நல்லெண்ணம் கொண்டவர்கள் நடத்திய நிறுவனத்திலும் அமைப்பு எப்படி வேலை செய்தது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

ஓரத்தில் இருக்கும் அடையாளங்கள்

சேகரிப்பாளர்கள் ‘முதலச்சு’ என்று எதைச் சொல்கிறார்கள் என்பது விளங்க, தட்டு உருவாகும் முறை தெரிய வேண்டும். ஒலிநாடாவில் உள்ள இசையை, மெருகுப்பூச்சு பூசிய அலுமினியத் தட்டில் ஒரு வெட்டூசி வரிப்பள்ளமாகச் செதுக்கும். அதன்மேல் வெள்ளிப்பூச்சும் உலோக முலாமும் ஏற்றி, அதிலிருந்து படிப்படியாக அச்சுத்தகடுகளை எடுப்பார்கள். நீராவியில் சூடேறும் அச்சு இயந்திரத்தில், இரண்டு அச்சுத்தகடுகளுக்கு நடுவே மென்மையான வினைல் உருண்டையை வைத்து அழுத்தினால் தட்டு பிறக்கும். அச்சுத்தகடு அழுத்த அழுத்தத் தேயும். அதனால் தொடக்கத்தில் எடுத்த பிரதிகளில் ஒலி துல்லியமாக இருக்க வாய்ப்பு உண்டு. மூல நாடாவும் ஆண்டுகள் போகப்போக நலியும். நாடா புதிதாக இருந்தபோது வெட்டிய தட்டுக்கு அந்த வகையிலும் ஒரு நியாயமான மேன்மை இருக்கிறது. சேகரிப்பாளரின் ஆசைக்கு இப்படி ஓர் உண்மையான அடிப்படை இருக்கிறது.

ஆனால் வாங்கும்போது அவர் முதலில் கேட்பது ஒலியை அல்ல. தட்டைக் கையில் எடுத்து, இசைத்தடம் முடிந்து நடு லேபிள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் வெற்று வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். அங்கே ‘ஆர்விஜி’ என்ற எழுத்துகள் இருக்கின்றனவா? அவை ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் முதலெழுத்துகள். பகலில் கண் பரிசோதகராக இருந்த அவர், நியூ ஜெர்சியில் ஹேக்கன்சாக் நகரத்தில் தன் பெற்றோர் வீட்டுக் கூடத்தையே ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார். 1959இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனியாக ஒன்றைக் கட்டினார். அவர் தானே வெட்டிய தட்டில் தானே கீறிய அடையாளம் அது. அடுத்து, காது போன்ற ஒரு வளைகோடு இருக்கிறதா? அது பிளாஸ்டிலைட் என்ற நியூ ஜெர்சி அச்சாலையின் ‘பி’ எழுத்து. சேகரிப்பாளர்கள் அதைக் ‘காது’ என்றே அழைக்கிறார்கள். 1966 வாக்கில் அது மறைந்துவிடுகிறது. நிறுவனம் லிபர்ட்டி என்ற கம்பெனிக்கு விற்கப்பட்டிருந்தது. பிறகு லேபிளில் அச்சான முகவரியைப் பார்ப்பார். லெக்சிங்டன் அவென்யூ என்றிருந்தால் பழையது. மேற்கு 63ஆம் தெரு என்றிருந்தால் அதற்கடுத்தது. லேபிளைச் சுற்றி ஆழமான பள்ளம் உண்டா, விளிம்பு தட்டையா என்று பட்டியல் நீளும். இந்த அடையாளங்களை வரிசைப்படுத்தி, நியூயார்க்கில் ஜாஸ் தட்டுக் கடை நடத்திய ஃபிரெட் கோஹன் 2010இல் ஒரு நூலே எழுதினார்.

ஹேங்க் மாப்ளி 1957இல் பதிவு செய்த 1568 என்ற எண்ணுள்ள தட்டைப் பாருங்கள். அதன் ஒரு பக்க லேபிளில் முகவரியோடு ‘நியூயார்க் 23’ என்றும் மறுபக்கத்தில் அந்த 23 இல்லாமலும் இருந்தால்தான் அசல் முதலச்சு என்கிறார்கள். ஓர் அஞ்சல் மண்டல எண் விலையைப் பல மடங்கு மாற்றுகிறது.

தோழர்களே, இந்த அடையாளங்களை நான் கேலி செய்யவில்லை. இவை உழைப்பின் தடயங்கள். ஒலிப்பதிவாளர் தன் கையால் கீறியிருக்கிறார். ஆலை தன் முத்திரையைப் பதித்திருக்கிறது. நீராவிக்கு முன்னால் நின்று தட்டுக்குத் தட்டு அழுத்தி, ஓரம் கத்தரித்து, உறையில் போட்ட தொழிலாளியின் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் அவர் வேலை செய்த ஆலையின் காது அங்கே இருக்கிறது. ஒரு தட்டின் பிறப்பு வரலாற்றை இவ்வளவு நுணுக்கமாகத் தேடிய சமூகம், அதில் வாசித்தவரின் வாழ்வை எந்த அளவுக்குத் தேடியது?

கைரேகை கொடுத்த கலைஞர்கள்

அந்தக் காலத்து நியூயார்க்கில் மது விற்கும் விடுதியில் வாசிக்க வேண்டுமானால் ‘கேபரே அட்டை’ வேண்டும். 1940இலிருந்து 1967 வரை இந்த முறை இருந்தது. அட்டையைக் கொடுப்பதும் பறிப்பதும் காவல்துறை. வாங்கப் போகிறவரின் கைரேகையை எடுப்பார்கள். போதைப்பொருள் வழக்கு ஏதாவது இருந்தால் அட்டை போய்விடும். கூடவே வேலையும் போய்விடும். குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் மக்கள் ‘கைரேகைச் சட்டம்’ என்று அழைத்தது ஏன் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே சட்டம் என்று சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டின் சாவியைக் காவல் நிலையத்தில் வைக்கும் முறை இரண்டிலும் ஒன்றுதான்.

பில்லி ஹாலிடே 1947இல் தண்டனை பெற்ற பிறகு நியூயார்க் விடுதிகளில் பாட முடியாமல் போனார். மங்க் 1951இல் அட்டையை இழந்து ஆறாண்டுகள் அந்த நகரத்து விடுதிகளில் வாசிக்க முடியாமல் இருந்தார். ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஜாக்கி மெக்லீன் அட்டையைப் பறிகொடுத்த ஆண்டுகளில் ப்ளூ நோட்டுக்காக ஏராளமான தட்டுகளைப் பதிவு செய்தார். பதிவுக்கூடத்துக்கு அட்டை தேவையில்லை. இன்று சேகரிப்பாளர்கள் அலமாரியில் அடுக்கி மகிழும் மெக்லீன் தட்டுகள் அத்தனை இருப்பதற்கு, அவருக்கு விடுதி மேடை மூடப்பட்டிருந்ததும் ஒரு காரணம். தட்டின் வளையத்தில் இந்த வரலாறு எழுதப்படவில்லை.

வெளிவராத 4052

டினா புரூக்ஸின் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1932இல் வட கரோலினாவில் ஃபேயட்வில்லில் பிறந்தவர். டெனர் சாக்ஸபோன் கலைஞர். 1958க்கும் 1961க்கும் இடையில் ப்ளூ நோட்டில் தலைமைக் கலைஞராக நான்கு தட்டுகளுக்கான இசையைப் பதிவு செய்தார். அவர் உயிரோடு இருந்தபோது அவற்றில் வெளிவந்தது ஒன்றுதான்: 1960இல் பதிவான ‘ட்ரூ ப்ளூ’. இன்னொன்றான ‘பேக் டு தி டிராக்ஸ்’ தட்டுக்கு 4052 என்ற எண்ணைக் கொடுத்து, அட்டையையும் வடிவமைத்தார்கள். தட்டு வரவில்லை. அந்த எண்ணைப் பட்டியலில் பார்த்த சேகரிப்பாளர்கள், இல்லாத தட்டைப் பல ஆண்டுகள் தேடினார்கள். 1961க்குப் பிறகு புரூக்ஸ் எதையும் பதிவு செய்யவில்லை. 1974 ஆகஸ்டில் 42 வயதில் இறந்தார். இன்று ‘ட்ரூ ப்ளூ’ முதலச்சின் விலை ஆயிரக்கணக்கான டாலர். அது அரிதாக இருப்பதற்குக் காரணம், அன்று அதை வாங்க ஆளில்லாமல் குறைவாக அச்சானதுதான். கலைஞர் அன்று அடைந்த தோல்வியே இன்று பொருளின் மதிப்பாகியிருக்கிறது.

ஹேங்க் மாப்ளியின் வாழ்வும் வேறுவிதமாக இல்லை. அவர் பதிவு செய்த பல தட்டுகள் கிடங்கிலேயே கிடந்தன. 1966இல் பதிவானது ஒன்று 1979இல்தான் வெளிவந்தது. நுரையீரல் நோயால் 1970களின் நடுவில் வாசிப்பதை நிறுத்த வேண்டி வந்தது. நிலையான வீடில்லாத நாட்களையும் கண்டு, 1986இல் 55 வயதில் இறந்தார். அவருடைய 1568ஆம் தட்டு உலகிலேயே விலை உயர்ந்த ஜாஸ் தட்டுகளில் ஒன்று.

தூய்மை என்னும் நம்பிக்கை

உயர்தர ஒலி விரும்பிகளின் உலகில் தூய்மை ஒரு பெரிய சொல். மூல நாடாவிலிருந்து வெட்டூசி வரை இடையில் எண்முறைக் கருவி எதுவும் கலக்கக்கூடாது. மறுபதிப்பைவிட முதலச்சு மேல். முதலச்சிலும் மூலத்துக்கு நெருங்கியது அதைவிட மேல். ரிஷிமூலம் நதிமூலம் பார்க்காதே என்பார்கள். இங்கே மூலம்தான் எல்லாம்.

2022 ஜூலையில் ஒன்று வெளியே தெரிய வந்தது. மூல நாடாவிலிருந்து நேரடியாக வெட்டுவதாக நம்பப்பட்டு, மிக உயர்ந்த விலைக்கு விற்ற அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், பத்தாண்டுக்கும் மேலாகத் தன் தட்டுகளில் பலவற்றுக்கு இடையில் எண்முறைப் பிரதியைப் பயன்படுத்தி வந்திருந்தது. தூய நாடா ஒலிக்கு உதாரணம் என்று அதுவரை அந்தத் தட்டுகளைப் புகழ்ந்தவர்களில் தேர்ந்த காதுக்காரர்களும் இருந்தார்கள். வழக்குப் போட்டார்கள். சுமார் 2.5 கோடி டாலர் அளவில் சமரசம் ஏற்பட்டது. வாங்கியவர்களிடம் உண்மையை மறைத்தது தவறு. அவர்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த நிகழ்ச்சி நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. கலப்பு காதுக்குத் தெரியவில்லை. பிறப்பைச் சொன்ன பிறகுதான் தட்டின் மதிப்பு இறங்கியது. தொட்டாலும் பார்த்தாலும் தெரியாத ஒன்றை ஊர் பெயர் விசாரித்த பிறகு ‘தெரிந்துகொள்கிற’ சமூகத்தில் வாழ்கிற நமக்கு இது புதிய செய்தி அல்ல. தட்டுக்கு வலிக்காது, மனிதருக்கு வலிக்கும் என்ற வேறுபாட்டை மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

விலையில் யாருக்குப் பங்கு

ஒரு தட்டு ஐந்து டாலரிலிருந்து ஐயாயிரம் டாலருக்கு ஏறும்போது கலைஞருக்கோ அவர் குடும்பத்துக்கோ என்ன கிடைக்கிறது? எதுவும் கிடைக்காது. ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால் அதன் மறுவிற்பனைமீது உரிமையாளர் கட்டுப்பாடு விதிக்க முடியாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1908இல் தீர்ப்பளித்தது. அந்தக் கொள்கையால் பழைய புத்தகக் கடையும் நூலகமும் வாழ்கின்றன. அதை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் அதே அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு தட்டு ஒலித்தால் பாடலை இயற்றியவருக்குப் பணம் உண்டு, வாசித்தவருக்குக் கிடையாது. 1972க்கு முன் பதிவான இசைக்கு இணையவழி ஒலிபரப்பில் பங்கு கிடைக்க 2018இல்தான் தனிச் சட்டம் வந்தது. அதற்குள் நாம் பேசிய கலைஞர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். மூல நாடாக்களோ லிபர்ட்டி, யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ், இஎம்ஐ என்று கைமாறி இப்போது யுனிவர்சல் நிறுவனத்திடம் இருக்கின்றன.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. ஓவியம் மறுவிற்பனையாகும்போது ஓவியருக்குப் பங்கு தரும் சட்டத்தை பிரான்ஸ் 1920இல் கொண்டுவந்தது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்திலும் 1994 திருத்தத்தில் 53அ என்ற பிரிவு சேர்ந்தது. ஓவியம், சிற்பம், இலக்கிய மற்றும் இசைக் கையெழுத்துப்படி ஆகியவற்றின் அசல், பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் படைப்பாளிக்குப் பங்குண்டு; அது பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எழுதிய காகிதத்துக்கு இந்த உரிமை இருக்கிறது. வாசித்த மூச்சு பதிந்த தட்டுக்கு இல்லை. எழுத்தில் இருப்பது படைப்பு, உடம்பால் செய்வது வேலை என்ற பழைய பாகுபாடு சட்டத்துக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. 2012 திருத்தம் நிகழ்த்துகலைஞருக்கும் வணிகப் பயன்பாட்டில் உரிமைத்தொகை உண்டு என்றது. அந்தப் பிரிவு நம் பறைக் கலைஞர்களுக்கும் ஒப்பாரி பாடும் அம்மாக்களுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது இங்கே உள்ள சட்ட மாணவர்களின் வேலை.

சேகரிப்பு செய்த நன்மை

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. டினா புரூக்ஸை மீட்டவர்களும் சேகரிப்பாளர்கள்தான். மைக்கேல் கஸ்குனா 1970களின் நடுவில் ப்ளூ நோட் கிடங்குக்குள் போய், அடையாளம் தெரியாமல் கிடந்த நாடாக்களைப் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் தொடங்கிய மொசைக் நிறுவனம் 1985இல் புரூக்ஸின் பதிவுகளை ஒரே தொகுப்பாக வெளியிட்டது. வாசித்தவர்களின் பெயர், நாள், இடம் எல்லாம் அந்தத் தொகுப்புகளில் ஒழுங்காக இருக்கும். வெறியும் பொறுமையும் உள்ள சிலர் இல்லாவிட்டால் அந்த இசை அழிந்திருக்கும்.

ஜப்பானையும் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு இறக்குமதித் தட்டுகளைத் தனியாள் வாங்க முடியாத விலை இருந்தது. ‘ஜாஸ் கிஸ்ஸா’ எனப்படும் காபிக்கடைகளில் ஒரு குவளைக் காபிக்கான காசில் மாணவரும் தொழிலாளியும் மணிக்கணக்காக உட்கார்ந்து நல்ல கருவியில் தட்டுகளைக் கேட்டார்கள். 31 வயதில் இறந்த சோனி கிளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’ அமெரிக்காவில் கவனிக்கப்படாமல் கிடந்தபோது ஜப்பானில் கொண்டாடப்பட்டது. அரிய தட்டைப் பூட்டி வைக்கவும் முடியும், பத்துப் பேருக்குப் போட்டுக்காட்டவும் முடியும். நம் ஊர் டீக்கடைப் படிப்பகங்களை அறிந்தவர்களுக்கு இரண்டாவது வழியின் அருமை தெரியும்.

கறுப்பினக் கலைஞர்கள் யாராவது மீட்பார்கள் என்று காத்திருக்கவும் இல்லை. சார்லஸ் மிங்கஸும் மேக்ஸ் ரோச்சும் 1952இல் டெபியூ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சன் ரா தன் தோழர்களோடு சாட்டர்ன் தட்டுகளைச் சிறு எண்ணிக்கையில் அச்சிட்டு, சிலவற்றுக்கு அட்டையைக் கையாலேயே வரைந்து, கச்சேரி நடந்த இடத்திலேயே விற்றார். 1971இல் சார்லஸ் டாலிவரும் ஸ்டான்லி கோவலும் தொடங்கிய ஸ்ட்ராட்டா-ஈஸ்ட் நிறுவனத்தில் மூல நாடா கலைஞரிடமே இருந்தது. வருவாயில் பெரும்பங்கும் அவருக்கே. ஜாக்கி மெக்லீன் ஹார்ட்ஃபோர்டு நகரத்துக்குப் போய்க் கறுப்பினப் பிள்ளைகளுக்கான கலைக்கூடத்தை உருவாக்கினார். பல்கலைக்கழகத்திலும் இந்த இசைக்கு ஒரு துறையைக் கட்டியெழுப்பினார். கைரேகை வாங்கப்பட்ட நகரத்தில் அவருடைய வரலாறு முடியவில்லை.

நம் கையில் இருப்பது

நம் இளைஞர்கள் இன்று ஊர் ஊராகப் போய்ப் பாடல்களையும் அடிகளையும் கைப்பேசியில் பதிவு செய்கிறார்கள். பழைய கேசட்டுகளைத் தேடி எடுத்து எண்மமாக்குகிறார்கள். இது பெரிய வேலை. அவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து மூன்று சிறு வேண்டுகோள்கள். பாடியவர், அடித்தவர், உடன் குரல் கொடுத்தவர் அனைவரின் முழுப்பெயரையும் ஊரையும் நாளையும் பதிவோடு சேர்த்து எழுதுங்கள்; ‘நாட்டுப்புறக் கலைஞர்’ என்ற ஒற்றைச் சொல்லில் யாரையும் புதைக்காதீர்கள். மூலப் பதிவின் ஒரு பிரதி அவர்கள் வீட்டில் இருக்கட்டும். அதிலிருந்து காசு வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதைப் பதிவு செய்யும் முன்பே பேசி, எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

டினா புரூக்ஸ் இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து அவருடைய தொகுப்பு வந்தது. நம் ஊர்க் கலைஞர் ஒருவர் தன் பெயர் அச்சிட்ட தட்டையோ பேழையையோ தன் கையில் வாங்கிப் பார்க்க அத்தனை ஆண்டுகள் ஆகக்கூடாது. அதற்கான வேலை மிச்சம் இருக்கிறது.